21 நாள் அடையில் கவனிக்க வேண்டியது கோழியைத்தான்

குஞ்சு பொரிக்கக் கோழியை முட்டை மேல் அடை வைத்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் முட்டையைச் சுற்றியே வரும். முட்டையை நாம் திருப்பிவிட வேண்டுமா, தண்ணீர் தெளிக்க வேண்டுமா, எத்தனையாவது நாள் டார்ச் அடித்துப் பார்க்கலாம், 21 நாள் தாண்டியும் பொரியவில்லையே என்ன செய்வது, இப்படி. சில வருடங்களாக வீட்டுக் கோழிகளை அடை வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. முட்டையை என்ன செய்ய வேண்டும் என்பது கோழிக்கு நன்றாகவே தெரியும். எலி வரும் என்பதும், படுக்கையில் பேன் பெருகும் என்பதும், மற்ற கோழிகள் வந்து அதே கூட்டில் முட்டையிட்டுப் போனால் நாள் கணக்கு குழம்பும் என்பதும்தான் அதற்குத் தெரியாது. அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் நாம் வேண்டும். மூன்று வாரம் அரை வயிற்றோடு ஒரே இடத்தில் உட்காரும் அந்த உடம்பையும் யாராவது கவனிக்க வேண்டும்.

அடைக்கு வந்த கோழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முட்டையிட்ட பிறகும் எழுந்து போகாமல் கூட்டிலேயே கிடக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்காக்கிக் காட்டும், சிடுசிடுக்கும், சில கோழி கொத்தும். இறங்கி நடக்கும்போது அடிக்குரலில் 'கிளக் கிளக்' என்று விடாமல் சத்தம் போடும். வயிற்றுப் பக்கம் தொட்டுப் பார்த்தால் இறகு உதிர்ந்து வெறும் தோல் சூடாக இருக்கும். உடம்புச் சூடு முட்டைக்கு நேராகப் போய்ச் சேருவது அந்த இடத்தின் வழியாகத்தான். புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் வரும் மாற்றம் இது. முட்டையிடுவதும் அதோடு நின்றுவிடும்.

எல்லாக் கோழிக்கும் இது வராது. வெள்ளை லெகார்ன் மாதிரி, முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனங்களில் அடைக் குணம் ஏறக்குறைய அற்றுப் போய்விட்டது. அடையில் இருக்கும் நாளெல்லாம் வளர்ப்பவருக்கு முட்டை நஷ்டம் என்பதால், அந்தக் குணம் உள்ளவற்றை விலக்கிக்கொண்டே வந்தார்கள். அசில், கொச்சின், சில்க்கி இனங்கள் நேர் எதிர். என்னிடம் இருந்த ஒரு சில்க்கி, முட்டையே இல்லாத கூட்டில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு நாள் கணக்காக உட்கார்ந்திருக்கும். யார் போனாலும் சண்டைக்கு வரும்.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததை மட்டும் வைத்து முட்டையைக் கொடுத்துவிடக் கூடாது. ராத்திரி பார்க்க வேண்டும். மற்றவை கம்பில் ஏறிய பிறகும் இது கூட்டிலேயே படுத்திருந்தால், அதுவும் அடுத்தடுத்து இரண்டு மூன்று இரவுகள், அப்போது நம்பலாம். அதுவரை பொய் முட்டை போதும். பிளாஸ்டிக் முட்டையோ, வழவழப்பான கல்லோ, கோல்ஃப் பந்தோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். குறிப்பாக முதல் தடவை அடைக்கு வரும் வெடைக்கோழியை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். நாலைந்து நாள் உயிரைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டு, ஒரு காலையில் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து மேயப் போய்விடும். எல்லா வெடையும் அப்படி இல்லை, ஆனால் நல்ல முட்டையை அதன் மேல் பந்தயம் கட்ட வேண்டிய அவசியம் என்ன?

உட்கார்ந்த இடத்திலேயே விடுவதா, தனி இடத்துக்கு மாற்றுவதா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. எல்லாக் கோழியும் முட்டையிடும் பொதுக் கூட்டில் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. மற்ற கோழிகளுக்கு, ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கும் கூட்டில் போய் முட்டையிடுவதில் ஒரு தனி ஆசை. மேலே ஏறி மிதிக்கும், நெருக்கும், அந்தத் தள்ளுமுள்ளில் முட்டை உடையும். புது முட்டையும் சேரும். இன்னொன்றும் நடக்கும். தீனிக்கு இறங்கிய அடைக்கோழி திரும்பி வரும்போது தன் கூட்டில் வேறு கோழி இருந்தால், பக்கத்துப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் இது அடிக்கடி நடப்பது. நான் சொன்ன சில்க்கி இப்படித்தான், காலியான பெட்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த பெட்டியில் அதன் முட்டைகள் ஆறிக் கிடந்தன.

மாற்றுவதென்றால் இருட்டிய பிறகுதான். பகலில் தூக்கிப்போனால் பழைய இடத்தைத் தேடி ஓடும். பொய் முட்டையையும் அது படுத்திருந்த வைக்கோலையும் சேர்த்தே புது இடத்துக்குக் கொண்டுபோய், கோழியை மெல்ல அதன் மேல் இறக்கி, வெளிச்சம் படாமல் மூடிவிட வேண்டும். மறுநாள் கதவைத் திறக்காமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கவனிக்கலாம். சாயங்காலத்துக்குள் பொய் முட்டையின் மேல் அமைதியாகப் படுத்துவிட்டால் அன்று இரவே நல்ல முட்டையை மாற்றி வைக்கலாம். நின்றுகொண்டே கூண்டைச் சுற்றி நடந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம். அப்போதும் உட்காரவில்லை என்றால் பழைய இடத்துக்கே விட்டுவிட்டு, மற்ற கோழிகள் நுழையாதபடி அந்தக் கூட்டை வலை வைத்து அடைப்பதே மேல்.

கூடு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 35 முதல் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒரு சாதாரணக் கோழிக்குத் தாராளம். தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். உயரத்தில் வைத்தால் குஞ்சு கீழே விழும், திரும்ப ஏற முடியாது. அடியில் கொஞ்சம் மண்ணைக் கொட்டி, நடுவில் லேசாகக் குழித்து, மேலே வைக்கோல் போடுவது என் வழக்கம். மண் இருந்தால் குழிவு அப்படியே நிற்கும். சமதரையாக இருந்தால் ஓரத்து முட்டை உருண்டு வெளியே போய்விடும். ரொம்ப ஆழமாகக் குழித்தால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், கோழி உள்ளே கால் வைக்கும்போது உடையும். பெட்டியின் மூலைகளிலும் வைக்கோலை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டை அங்கே போய் ஒளிந்துகொள்ளும். இடம் நிழலாக, காற்றோட்டமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

எலியும் பாம்பும் தனி விஷயம். கோழி வலை என்று விற்கும் பெரிய கண் வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, எலியை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை வேண்டும். எலி முட்டையை உருட்டிக்கொண்டு போனால் கூட்டில் ஓட்டுத் துண்டுகூட மிச்சமிருக்காது, எண்ணிப் பார்த்தால்தான் குறைந்திருப்பது தெரியும். குஞ்சு பொரித்த பிறகு அதே எலி குஞ்சுக்கு வரும். அதனால் இந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

இனி பேன், செள்ளு. அடை கெடுவதற்கு நான் கண்ட காரணங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் இது கண்ணில் படாது. சிவப்புச் செள்ளு என்று ஒன்று பகலில் பெட்டியின் இடுக்கு, பலகை மூட்டு இவற்றில் ஒளிந்திருந்து, ராத்திரியில் வந்து கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். மற்ற கோழியாவது பகலில் வெளியே திரிந்து மண் குளிக்கும். அடைக்கோழி இருபத்து நாலு மணி நேரமும் அதன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. கொண்டை வெளிறும். இரவில் கூட்டை விட்டு இறங்கி வெளியே நிற்கும். ஒழுங்காக உட்கார்ந்த கோழி இரண்டாவது வாரத்தில் திடீரென்று அடையை விட்டுவிட்டால், அதற்குப் பொறுமையில்லை என்று திட்டுவதற்கு முன்னால் ராத்திரி டார்ச்சோடு போய்ப் பலகை இடுக்கைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பொடி மாதிரி படிந்திருப்பதும், ரத்தம் குடித்துச் சிவந்த புள்ளிகள் நகர்வதும் தெரியும். கூட்டம் அதிகமானால் கோழியே செத்துப்போகும்.

எனவே அடை வைப்பதற்கு முன்பே பெட்டியைக் காலி செய்து, பழைய வைக்கோலை எரித்துவிட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி வெயிலில் காய வைத்துவிட வேண்டும். கோழியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றி, இறக்கைக்கு அடியில், இறகின் அடித்தண்டில் பேனும் ஈரும் இருக்கும். கோழிக்கென்றே விற்கும் பேன் பொடியை அப்போதே போட்டுவிடலாம். தேவையானால் பொடியின் உறையில் சொல்லியிருக்கும் இடைவெளியில் இன்னொரு தடவை. குஞ்சு வெளிவரும் நாள் நெருங்கும்போது வேண்டாம், பிறந்த குஞ்சு அந்தப் பொடிக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு கிடக்கும்.

சரி, முட்டைக்கு வருவோம். கூட்டத்தில் சேவல் இருந்தால் மட்டும் போதாது, அது எல்லாப் பெட்டையையும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். சமையலுக்கு உடைக்கும் முட்டைகளே இதைச் சொல்லிவிடும். மஞ்சள்கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். கரு கூடியதில் அது சுற்றிலும் வளையம் போட்ட வட்டமாகத் தெரியும், கூடாததில் ஒழுங்கில்லாத வெறும் புள்ளியாக இருக்கும். சேவலை எடுத்துவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை கரு கூடிய முட்டை வரும், ஏனென்றால் விந்தணுவைப் பெட்டை உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. சேவலை மாற்றி, புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் மூன்று வாரமாவது காத்திருப்பது இதனால்தான்.

முட்டையைச் சேர்த்து வைக்கும் நாட்களில்தான் பாதி விஷயம் முடிவாகிறது. ஒரு வாரத்துக்குள் இட்டவை உத்தமம். பத்து நாள் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போகப் போகப் பொரிப்பது குறையும். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி நல்லது. சுமார் 21 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். முழுச் சூடும் கிடைக்காமல், வளர்ச்சி நிற்கவும் செய்யாமல் அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். வெயில் காலத்தில் சேர்த்த முட்டை அதிகம் கூமுட்டையாவதற்குச் சேவலைக் குறை சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சமையலறை ஃபிரிட்ஜ் மறுபக்கம் அளவுக்கு மீறிய குளிர். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில், கூர் முனை கீழே இருக்கும்படி வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் போனால் தினமும் சாய்ப்பை மாற்றி வைக்கலாம். கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் நுண்துளைகள் வழியாகக் கிருமி போகாமல் காக்கிறது. அழுக்கு முட்டையை அடைக்கு எடுக்காமல் இருப்பதே சுலபம். அதேபோல் ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கோணல், ஓடு மெல்லியது, கீறல் விட்டது எல்லாம் சமையலுக்குப் போகட்டும். தூரத்திலிருந்து வண்டியில் குலுங்கி வந்த முட்டையை ஒரு நாள் ஆடாமல் வைத்திருந்து அப்புறம் வைப்பது நல்லது.

எத்தனை வைப்பது? சாதாரண உடம்புள்ள கோழிக்குப் பத்து, பன்னிரண்டு. சின்ன ரகத்துக்கு ஐந்தாறு. எண்ணிக்கையை விட, கோழி படுத்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் ஒரு முட்டையும் கண்ணில் படக் கூடாது என்பதே சரியான அளவு. ஒன்றிரண்டு கூடுதலாக வைத்தால் அந்த ஒன்றிரண்டுதானே போகும் என்று நினைப்பதில் ஒரு தப்பு இருக்கிறது. கோழி ஓரத்து முட்டையை நடுவுக்கும், நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அளவுக்கு மேல் வைத்தால் முறை வைத்து எல்லா முட்டையுமே குளிர்ந்துபோகும். குளிர் காலத்தில் இன்னும் குறைத்தே வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் வைத்துவிட வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். தன் போக்கில் விட்டால் கோழி நாளுக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே வந்து, போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் முழுதாக உட்காரும். முன்னால் இட்டதும் கடைசியில் இட்டதும் ஒன்றாகப் பொரிவது அப்படித்தான். இன்று மூன்று, நாளை இரண்டு என்று நாம் சேர்த்துக்கொண்டே போனால், முதல் குஞ்சுகள் வந்ததும் கோழி எழுந்துபோகும், மிச்சம் உள்ளே உயிரோடு ஆறிப்போகும். வைக்கும் முட்டை ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் ஒரு வளையம் போட்டுவிட்டால், எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அடையாளம் தெரியும். வளையம் இல்லாதது வந்தேறி. அன்றைக்கே எடுத்துவிடலாம்.

உட்கார்ந்த பிறகு கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இறங்கும். வேக வேகமாகத் தின்னும், தண்ணீர் குடிக்கும், மண் குளிக்கும், ஒரு பெரிய எச்சம் போடும். நாள் முழுக்க அடக்கி வைத்தது என்பதால் அளவும் நாற்றமும் திகைக்க வைக்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். தீனியை வாய்க்கு எட்டும் தூரத்தில் வைப்பதை நான் ஏற்பதில்லை. உட்கார்ந்தபடியே தின்றால் எச்சமும் அங்கேயே விழும், முட்டை நாறும், காலும் மரத்துப்போகும். நாலு எட்டு நடந்து போய்த் தின்னட்டும். முழுத் தானியம் கொடுத்தால் எச்சம் கட்டியாக இருக்கும். சாம்பல் கலந்த மண் ஒரு தட்டு நிறைய வைத்தால் பேனுக்கும் ஆயிற்று.

சில கோழி இறங்கவே இறங்காது. இதுதான் நான் பயப்படும் கோழி. என்னிடம் இருந்த ஒரு கறுப்புப் பெட்டை அப்படி. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அதைத் தூக்கி வெளியே விட்டால், இறக்கிய இடத்திலேயே ஒரு நிமிடம் அப்படியே குந்தியிருக்கும். அப்புறம்தான் உணர்வு வந்த மாதிரி எழுந்து தீனியைத் தேடும். இப்படித் தூக்கும்போது முதலில் இரண்டு இறக்கைக்கும் அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே முட்டை இடுக்கியிருந்தால் தூக்கின வேகத்தில் மற்ற முட்டைகளின் மேல் விழும். வாரத்துக்கு இரண்டு தடவை நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பதும் என் வழக்கம். மூன்று வாரத்தில் ஓரளவு இளைப்பது இயல்பு. எலும்பு கத்தி முனை மாதிரி தனித்து நின்றால், அடையை முடிக்கும் வரையாவது தீனியைச் சத்தாக்கி, அடுத்த அடைக்கு அந்தக் கோழியை விடக் கூடாது.

இறங்கிய கோழி திரும்ப நேரமாகிவிட்டால் முட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறிய முட்டை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், பொரிவதற்கு ஒரு நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். முட்டையைத் திருப்புவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் கோழி இல்லாமல் முட்டை பொரிக்கும் அடைப்பெட்டி (இன்குபேட்டர்) வைத்திருப்பவர்களின் கவலை. கோழி தன் அலகால் ஒரு நாளில் எத்தனையோ முறை முட்டையைப் புரட்டுகிறது. புரட்டாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

டார்ச் அடித்துப் பார்ப்பதை நான் ஒரே ஒரு தடவைதான் செய்கிறேன், ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், இருட்டில். காற்றறை உள்ள அகல முனையில் வெளிச்சத்தை வைத்தால், கரு கூடியதில் நடுவே ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து நாலா பக்கமும் கிளைக்கும் சிவப்பு நரம்புகளும் தெரியும். தெளிவாக, வெறும் மஞ்சள் நிழலோடு இருந்தால் கரு கூடவில்லை. உள்ளே ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றால் வளர்ந்து செத்தது. பழுப்பு ஓட்டில் பார்ப்பது கஷ்டம், சந்தேகமானதை எடுக்காமல் திரும்ப வைத்துவிடலாம். வீணானவற்றை எடுத்துவிடுவது இடத்துக்காக மட்டுமில்லை. அழுகிய முட்டை சூட்டில் வெடித்தால் நல்ல முட்டைகள் எல்லாவற்றின் மேலும் தெறிக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படியோ மிதிபட்டோ ஒன்று உடைந்துவிட்டால், நனைந்த வைக்கோலை மாற்றிவிட்டு, பிசுக்குப் பட்ட மற்ற முட்டைகளை வெதுவெதுப்பான ஈரத் துணியால் சட்டென்று துடைத்து வைக்க வேண்டும். கழுவக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. காய்ந்த மஞ்சள்கரு துளைகளை அடைத்துவிடும்.

ஒரே நாளில் இரண்டு கோழிக்கு அடை வைத்திருந்தால் இந்தச் சோதனையில் ஒரு லாபம் உண்டு. நல்ல முட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கோழிக்கே கொடுத்துவிட்டு, மற்றதை அடையிலிருந்து விடுவிக்கலாம்.

19, 20ஆம் நாளில் குஞ்சு அலகால் சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டி முதல் மூச்சு விடும். காதில் வைத்தால் கீச்சொலி கேட்கும். கோழியும் அதற்குத் தணிந்த குரலில் பதில் சொல்லும். ஓட்டில் முதல் துளை விழுந்த பிறகு முழுதாக வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இந்த நேரம்தான் பார்ப்பவருக்குத் தாங்காது. துளை போட்டுவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறதே என்று ஓட்டை உரிக்கத் தோன்றும். அந்த ஓய்வில் குஞ்சு, சவ்வில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, மிச்ச மஞ்சள்கருவையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. உரித்தால் ரத்தம் கொட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் ஆகி, சவ்வு வெள்ளையாகக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் சவ்வை நனைத்து, துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவேன். ரத்தம் எட்டிப் பார்த்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

முதல் குஞ்சு வந்ததும் தீனி கொடுக்க வேண்டுமே என்று வெளியே எடுக்கத் தேவையில்லை. உள்வாங்கிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாளுக்குப் போதும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்ப முடிவதே அதனால்தான். கோழி மற்றவை பொரியக் காத்திருந்து, பிறகு குஞ்சுகளோடு எழுந்துபோகும். 21 நாளில் முடியவில்லை என்றால், அது உட்கார்ந்திருக்கும் வரை 23ஆம் நாள் வரை விடலாம். அது எழுந்த பிறகும் ஏதாவது முட்டையில் கீச்சொலி கேட்டால் துணியில் சுற்றிச் சூடாக வைத்திருந்து, இரவில் திரும்ப அதன் அடியில் தள்ளிப் பார்க்கலாம்.

முதல் தடவைக் கோழிகளில் சில, குஞ்சைப் பார்த்து மிரண்டு கொத்தும். பொரிக்கும் நாளில் பல்பு மாட்டிய ஒரு பெட்டியைத் தயாராக வைத்திருப்பது இதற்காகத்தான். கொத்துப்படும் குஞ்சை எடுத்து அதில் வைத்திருந்து, இருட்டிய பிறகு அடியில் தள்ளினால் பெரும்பாலானவை ஏற்றுக்கொள்ளும். அடுத்த தடவையும் கொத்தினால் அந்தக் கோழி அடைக்கு ஆகாது. வேறு இடத்துக் குஞ்சுகளைச் சேர்ப்பதும் இதே இரவு வேலைதான். பிறந்து இரண்டு மூன்று நாளுக்கு மேல் போனால் குஞ்சே அந்தத் தாயை ஏற்காது. விடிந்ததும் கோழி ஏற்றுக்கொண்டதா என்று போய்ப் பார்த்துவிட வேண்டும்.

தீனி குஞ்சுத் தீவனமாக இருக்கட்டும், புரதம் 18 முதல் 20 சதவீதம் உள்ளது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் வரை இருக்கும், குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். தாயும் குஞ்சுத் தீவனத்தையே தின்னலாம், அது முட்டையிடாத காலம்தானே. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கற்கள் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது. முதல் ஒன்றிரண்டு வாரம் மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து, ஆனால் வலை வழியாகக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது பிற்பாடு சண்டையைக் குறைக்கும். பஞ்சாரம் என்ற மூங்கில் கூடையால் கவிழ்த்து வைத்தால் காக்கை, பருந்து, பூனையிடமிருந்து பகலில் தப்பிக்கும். எலிக்கு அது போதாது என்பதால் இரவில் வலைக் கூண்டுக்குள்தான்.

நோயில் இரண்டைச் சொல்ல வேண்டும். அடையில் பொரித்த குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போட யாரும் நினைப்பதில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போடுவது வழக்கம், கால்நடை மருத்துவரைக் கேட்டு நாளைக் குறித்துவிடலாம். மற்றது மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் அதிகம் வரும் ரத்தக்கழிச்சல். படுக்கை ஈரமாக இருந்தால் வேகமாகப் பரவும். குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு ஒடுங்கி நிற்கும், எச்சத்தில் ரத்தம் தெரியும். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும், ஒரு நாள் பார்ப்போம் என்று தள்ளினால் பல போய்விடும்.

குஞ்சு வேண்டாம், ஆனால் கோழி அடையை விட மாட்டேன் என்கிறது என்றால், அடியில் வைக்கோல் இல்லாத கம்பி வலைத் தரைக் கூண்டில், தரையிலிருந்து உயர்த்தி, தீனி தண்ணீரோடு இரண்டு மூன்று நாள் விட்டால் போதும். வயிற்றுக்கு அடியில் காற்று பட்டுச் சூடு தணிந்தால் அடைக் குணம் இறங்கிவிடும். தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது எல்லாம் தேவையில்லாத கொடுமை.

குஞ்சுகள் ஐந்து முதல் எட்டு வாரமாகும்போது தாய் அவற்றைக் கொத்தி விரட்டத் தொடங்கும். சில கோழி அதற்கு முன்பே முட்டையிட ஆரம்பித்துவிடும். அப்போது தாயை எடுத்து மற்ற கோழிகளோடு விட்டுவிட்டு, குஞ்சுகளைப் பழகிய கூண்டிலேயே இன்னும் சில நாள் வைத்திருப்பதுதான் நல்லது. அவை ராத்திரி ஒரு மூலையில் குவியலாகப் படுத்து அடியில் இருப்பது மூச்சுத் திணறும். முதல் சில இரவுகள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தாழ்வான கம்பில் வைக்க வேண்டியிருக்கும்.